அலையும் பின்சக்கரம்

நம் பாட்டனார் காலத்தில் வசதி படைத்த வீடுகளின் வாசலில் வில்வண்டி நிற்கும். கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் இருந்த வேறுபாடு மாட்டிலும் இல்லை, கூண்டிலும் இல்லை. அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே அடுக்கி வைத்த எஃகுப் பட்டைகளில் இருந்தது. அப்பட்டைகள் வளைந்து கொடுத்ததால் உள்ளே அமர்ந்த பெண்டிரும் முதியோரும் பாதையின் வன்மையை அவ்வளவாக உணராமல் ஊர் போய்ச் சேர்ந்தனர். பட்டை ஒன்று முறிந்துவிட்டால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். தெருத் திண்ணையில் அமர்ந்திருப்பவர் கூட, "வில் ஒடிந்துவிட்டது" என்று சொல்லிவிடுவார். நோய் வெளிப்படையாக இருந்தது. மருந்தும் கொல்லன் உலைக்களத்தில் இருந்தது.

இருசக்கர மோட்டார் வண்டியில், அதிலும் பழைய வண்டியில், நிலைமை அவ்வாறன்று. நோய் ஓரிடத்தில் இருக்கும். வலி வேறோரிடத்தில் தெரியும். கைப்பிடி ஆடுவதாக ஓட்டுபவர் முறையிடுவார். தேய்ந்திருப்பதோ அவர் அமர்ந்திருக்கும் இருக்கைக்குக் கீழே மறைந்து கிடக்கும் ஒரு சிறு உலோக வளையமாக இருக்கும். இதனை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை; பட்டு அறிந்தோம்.

நம் தாய்மாமன் 1972 ஆம் ஆண்டில் வாங்கிய புல்லட் வண்டி ஒன்று அவருக்குப் பின் நம் பொறுப்பில் வந்தது. விற்க மனம் வரவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதன் பின்புறம் வளைவுகளில் இலேசாக அலையத் தொடங்கியது. ஒரு பட்டறையில் காட்டினோம், பெயர் வேண்டாம். பின்டயரை மாற்றினார்கள். அலைவு நிற்கவில்லை. இரு புறத்து அதிர்வுதாங்கிகளையும் புதிதாகப் போட்டார்கள். குழிகளில் வண்டி மெத்தென்று சென்றது. நோய் தீர்ந்ததென்று நம்பினோம். ஒரு மாலையில் கல்லூரியிலிருந்து இளைய மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். நீண்ட வளைவு ஒன்றில் வண்டியின் பின்பாதி மீனின் வாலைப் போல இப்புறமும் அப்புறமும் வீசத் தொடங்கியது. எதிரே பேருந்து. வேகத்தைக் குறைக்கக் குறைக்க வீச்சு மெல்ல அடங்கியது. அல்லாஹ்வின் அருளால் பேருந்து நம்மைக் கடந்து போயிற்று. பனைமர நிழலில் வண்டியை நிறுத்தியபோது மகள் ஒன்றும் பேசவில்லை. அவளுடைய கைப்புத்தகங்கள் சாலையில் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கக் குனிந்த நம் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்துதான் பின்சக்கரத்தைத் தாங்கும் அமைப்பின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்தபின் நமக்குப் பட்டது இது: ஒவ்வொரு காலத்துப் பொறியாளரும் ஒரு குறையை நீக்கினார், நீக்கிய இடத்திலேயே தேய்வதற்குப் புதிய இடம் ஒன்றையும் உண்டாக்கினார். ஆகவே வண்டியின் குலமுறை தெரியாதவர் அதன் நோயைக் கண்டறிவது அரிது.

தொடக்கத்தில் பின்சக்கரத்துக்கு வில் என்பதே பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. மிதிவண்டியைப் போலவே அச்சு சட்டகத்தோடு இறுகப் பூட்டப்பட்டிருந்தது. இருக்கையின் அடியில் இருந்த இரு சுருள்வில்களே ஓட்டுபவரின் முதுகெலும்புக்குத் துணை. முன்சக்கரத்துக்கு வில் வைத்த பின்னரும் பல ஆண்டுகள் பின்புறம் இறுகியே இருந்தது. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் 1913 இல் பட்டை வில்களோடு பின்சக்கரத்தை அசையவிட்டது. நம் வில்வண்டியின் உறவுமுறை என்றே அதனைச் சொல்லலாம். இங்கிலாந்தில் பிலிப் வின்சென்ட் என்னும் இளைஞர் 1928 இல் முக்கோண வடிவான பின்சட்டகம் ஒன்றை ஒரு கீலில் பொருத்தி, இருக்கையின் கீழே இரு வில்களை வைத்தார். வின்சென்ட் வண்டிகள் 1955 இல் தயாரிப்பு நிற்கும் வரை அந்த அமைப்பையே வைத்திருந்தன. அதன் கீலில் அவர் வைத்தது சாதாரண வளையம் அன்று. கூம்பு உருளை பேரிங். தேய்ந்தால் இறுக்கிக்கொள்ளலாம். பின்னாளில் பலர் செய்யாத இக்காரியத்தை அவர் தொடக்கத்திலேயே செய்தார் என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

ஆயினும் அக்காலத்து ஓட்டுநர்கள் வில் வைத்த பின்புறத்தை நம்பவில்லை. வண்டி நடுவில் ஒடிவதுபோல் இருக்கிறது, திருப்பத்தில் நெளிகிறது என்றனர். இதனை வெறும் பழமைப்பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது. கீல் பலவீனமாக இருந்தால் அவர்கள் அஞ்சியதுதான் நடக்கும். நமக்கு அந்தக் கடற்கரைச் சாலையில் நடந்ததும் அதுவே.

அந்த அவநம்பிக்கையை உடைத்தது ஒரு பந்தயம். மான் தீவில் ஆண்டுதோறும் நடைபெறும் போட்டியில் 1935 இல் பெரும் பிரிவின் வெற்றி நார்ட்டன் வண்டியில் வந்த ஜிம்மி கத்ரிக்கே என்று பலரும் எண்ணியிருந்தனர். அயர்லாந்து வீரர் ஸ்டான்லி வுட்ஸ் இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி வண்டியில் வந்து 4 நொடிகளில் அவரை முந்தினார். அந்த வண்டியின் பின்சக்கரம் வில்லின்மீது அசைந்தது, நார்ட்டனுடையது இறுகியிருந்தது. மேடு பள்ளம் நிறைந்த அந்த மலைப்பாதையில் சக்கரம் தரையை விடாமல் பற்றுவது எவ்வளவு பெரிய ஆதாயம் என்பதை உலகம் கண்டுகொண்டது. அடுத்த ஆண்டிலேயே நார்ட்டன் தன் பந்தய வண்டிகளில் பின்வில் பொருத்தியது. வெலோசெட் நிறுவனமும் 1936 இல் ஊசல்போல் ஆடும் கவை ஒன்றைப் பின்சக்கரத்துக்கு வைத்து, காற்றும் எண்ணெயும் கலந்த அதிர்வுதாங்கிகளைப் பொருத்தியது. 1939 இல் ஜெர்மானியர் கியோர்க் மயர் பி.எம்.டபிள்யூ வண்டியில் அதே பெரும் பிரிவை வென்றார். அவ்வண்டிக்கு முன்னும் பின்னும் வில் இருந்தது.

நார்ட்டனும் பி.எம்.டபிள்யூவும் பயன்படுத்திய அமைப்பை இங்கிலாந்தில் 'பிளஞ்சர்' என்றனர். சட்டகத்தின் பின்முனையில் இருபுறமும் இரண்டு நேர்த்தண்டுகள். ஒவ்வொரு தண்டிலும் மேலும் கீழும் வில். நடுவே அச்சைத் தாங்கும் உறை மேலும் கீழும் வழுக்கும். பார்வைக்கு எளிமை. பழைய சட்டகத்தின் பின்முனையை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் போருக்குப் பின் பி.எஸ்.ஏ முதலிய நிறுவனங்கள் இதனையே விரும்பின. ஆனால் இதில் இருபுறமும் தனித்தனியே அசைகின்றன. இரண்டையும் இணைப்பது சக்கரத்தின் அச்சு ஒன்றே. வழுக்கும் உறைகள் ஒருபுறம் கூடுதலாகத் தேய்ந்தால் அச்சு சாய்ந்துகொள்ளும். சக்கரம் தன் விருப்பப்படி திசை தேடும். பெரும்பாலானவற்றில் எண்ணெயால் துள்ளலைத் தணிக்கும் ஏற்பாடும் இல்லை. இத்தகைய வண்டி வைத்திருப்பவர் சக்கரத்தின் விளிம்பைப் பற்றிப் பக்கவாட்டில் அசைத்து, எந்தப் புறத்து உறை தண்டின்மேல் ஆடுகிறதென்று இருபுறமும் தனித்தனியே பார்க்க வேண்டும். சங்கிலியும் ஒரு சான்று தரும். சக்கரம் நேராக மேலும் கீழும் போவதால் அதற்கும் கியர்ப்பெட்டிப் பல்சக்கரத்துக்கும் உள்ள தொலைவு மாறிக்கொண்டே இருக்கும். சங்கிலி ஒரு நிலையில் தளர்ந்தும் மறுநிலையில் இறுகியும் நிற்கும். இது பிறவிக் குணம். நோயென்று எண்ணிச் சங்கிலியை இறுக்கிவிட்டால் பேரிங்குகளுக்கு ஆபத்து.

இக்குறையை நீக்க ஏரியல் நிறுவனத்தில் பிராங்க் ஆன்ஸ்டி என்பவர் 1939 இல் பிளஞ்சரோடு சிறு இணைப்புக் கைகளைச் சேர்த்து, சக்கரம் வளைவான பாதையில் செல்லுமாறு செய்தார். சங்கிலியின் இறுக்கம் மாறாமல் நின்றது. ஆனால் கீல்களின் எண்ணிக்கை பெருகிற்று. கிரீஸ் வைக்க மறந்தவர்களின் வண்டிகளில் அத்தனை கீல்களும் சேர்ந்து தேய்ந்தன. ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவே ஆட்டம்; எல்லாம் கூடினால் சக்கரம் தள்ளாடும்.

டிரையம்ப் நிறுவனத்தின் எட்வர்ட் டர்னர் சென்ற வழியோ வேறு. சட்டகத்தைத் தொடவே வேண்டாம் என்று கருதிய அவர், வில்களைச் சக்கரக்குடத்தின் உள்ளேயே அடைத்துவிட்டார். போருக்குமுன் வகுத்த இத்திட்டம் போர் முடிந்தபின் விற்பனைக்கு வந்து 1954 வரை நீடித்தது. இறுகிய சட்டகம் உடைய வண்டிக்கும் இந்தச் சக்கரத்தை மாட்டிவிட்டால் ஏறத்தாழ 2 அங்குல அசைவு கிடைக்கும். விற்பனைத் தந்திரம் என்ற முறையில் இதனை மெச்சலாம். பொறியியல் என்ற முறையில் நம்மால் அவ்வளவாக மெச்ச இயலவில்லை. குடம் கனத்தது, துள்ளலைத் தணிக்க வழியில்லை, உட்பகுதி தேய்ந்தால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டம் சக்கர பேரிங் தேய்ந்தது போலவே தோன்றும். ஐயுற்ற மெக்கானிக் குடத்தைத் திறக்கப் போவார். உள்ளே பேராற்றலோடு அழுத்தி வைத்த வில்கள் உரிய கருவியின்றித் திறப்பவரைக் காயப்படுத்த வல்லவை. அதனால்தான் குடத்தின் உலோகத்திலேயே எச்சரிக்கை வாசகம் வார்க்கப்பட்டிருந்தது. இன்றும் இத்தகைய வண்டிகளைப் பேணுவோர் உலகில் உளர். அவர்கள் அந்த வாசகத்தை மதிப்பது நலம்.

நிற்க. இத்தனை வழிகளையும் ஒதுக்கிவிட்டு இறுதியில் வென்றது ஊசல் கவை. பட்டறைகளில் 'ஸ்விங் ஆர்ம்' என்கிறார்களே, அதுதான். பெல்ஃபாஸ்ட் நகரத்து மக்காண்ட்லெஸ் உடன்பிறந்தார் இருவர், இறுக்கமான சட்டகம், உறுதியான கீல், அதில் ஆடும் கவை, இருபுறமும் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் எண்ணெய் அதிர்வுதாங்கி என்று இதனைச் செம்மைப்படுத்தினர். அவர்கள் வடிவமைத்த சட்டகத்தோடு 1950 இல் நார்ட்டன் மான் தீவுக்கு வந்தபோது இருபெரும் பிரிவுகளிலும் முதல் மூன்று இடங்களையும் அதுவே பெற்றது. ஓட்டிப் பார்த்த வீரர் ஹெரால்ட் டேனியல் இது இறகு மெத்தையில் படுத்ததுபோல் இருக்கிறது என்றாராம். அந்தப் பெயரே சட்டகத்துக்கு நிலைத்துவிட்டது. அதிர்வுதாங்கிகளின் தரம் மட்டும் எல்லோரிடமும் ஒன்றாக இல்லை. ஏ.ஜே.எஸ், மேட்ச்லெஸ் வண்டிகளுக்கு 1949 இல் வந்த மெல்லிய தாங்கியை மெழுகுவர்த்தித் தண்டு என்றும், 1951 இல் வந்த பருத்த தாங்கியை ஜாம் புட்டி என்றும் மக்கள் கேலியாக அழைத்தனர்.

நம் வண்டியின் முன்னோர் இந்த வரிசையில் முன்னதாகவே நிற்கின்றனர் என்பது பலர் அறியாத செய்தி. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1948 பிப்ரவரியில் கோல்மோர் கோப்பைப் போட்டிக்கு மூன்று புதிய புல்லட் மாதிரிகளை அனுப்பியது. மூன்றிலும் ஸ்விங் ஆர்ம் இருந்தது. எண்ணெய் அதிர்வுதாங்கியும் இருந்தது. சேற்றிலும் பாறையிலும் மெதுவாக ஏறும் அவ்வகைப் போட்டிக்கு இறுகிய பின்புறமே பிடிப்புத் தரும் என்பது அன்றைய வேதவாக்கு. பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினர். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில் சார்லி ரோஜர்ஸ், விக் பிரிட்டன் ஆகிய இருவரும் புல்லட்டில் சென்று தங்கப் பதக்கம் பெற்றனர். பிரிட்டன் அணி கோப்பையை வென்றது. பின்னர் விக் பிரிட்டனின் மகன் ஜானி 1952 இலும் 1957 இலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியில் புல்லட்டிலேயே வென்று காட்டினார். உதட்டைப் பிதுக்கியவர்கள் தத்தம் வண்டிகளுக்கும் ஸ்விங் ஆர்ம் வைத்துக்கொண்டனர்.

அந்தப் புல்லட்டைத்தான் இந்திய ராணுவம் விரும்பியது. அதன் தேவையை ஒட்டி 1955 இல் ரெடிட்ச் நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டிய திருவொற்றியூர்த் தொழிற்சாலை, சில ஆண்டுகளில் அவற்றைத் தானே வார்த்துக் கடைந்து செய்யலாயிற்று. தாய்நாட்டில் அந்த நிறுவனம் 1970 இல் மறைந்தது. சேய் நாட்டில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 1977 இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே அது ஏற்றுமதியானதும் வரலாறு. நமக்கு இங்கே வேண்டியது ஒன்று: 1972 இல் சென்னையில் பிறந்த வண்டியின் பின்னமைப்பு 1950களின் ரெடிட்ச் வண்டியினுடைய அமைப்பையே ஒட்டியது. எனவே அதற்கு வரும் நோய்களும் அக்காலத்து நோய்களே.

அந்த நோய்களைப் பிரித்தறிய, இரண்டு வேலைகளை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். சுருள்வில் அதிர்ச்சியை வாங்கிச் சேர்த்துவைக்கிறது. சேர்த்ததைத் திருப்பித் தரும்போது வண்டி துள்ளும். அத்துள்ளலை அடக்குவது தாங்கியின் உள்ளே உள்ள எண்ணெய். சிறு துளைகளின் வழியே அது பிதுங்கிச் செல்லும்போது வேகம் வெப்பமாக மாறி அடங்குகிறது. வில் தளர்ந்தால் வண்டியின் பின்புறம் தாழும். எண்ணெய் போனால் தாழாது, துள்ளும். இவ்விரண்டும் மேலும் கீழுமான நோய்கள். மூன்றாவது நோய் பக்கவாட்டு நோய். அது கீலில் இருப்பது. நாம் சென்ற பட்டறைக்காரர் பக்கவாட்டு நோய்க்கு மேல்கீழ் மருந்து கொடுத்தார். குழிகளில் சுகம் கிடைத்ததால் நாமும் முன்னினும் வேகமாக ஓட்டினோம். ஆபத்து அதனால் பெருகியது.

நமக்கு உண்மை காட்டியவர் பக்கத்து ஊரில் ஓலைக்கொட்டகையின் கீழ் தொழில் செய்யும் முதிய பிட்டர். நம்மினும் பத்து வயது மூத்தவர். காக்கா என்றே அழைப்போம். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியதும் அவர் கருவி எதையும் எடுக்கவில்லை.

"ஹஜரத், கைப்பிடி படபடன்னு அடிச்சுதா, இல்ல வண்டி முழுக்க ஆடிச்சா?"

"வண்டி முழுவதும்தான் காக்கா. மெதுவாக, வீசி வீசி."

"அப்போ பின்னாடி பாப்போம்."

இந்த ஒரு கேள்வியிலே பாதி நோய் தெளிந்துவிட்டது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். கைப்பிடி மட்டும் வேகமாகப் படபடப்பது ஒருவகை. அதற்கு முன்புறத்தில் காரணம் தேடுவர். வண்டி முழுவதும் நொடிக்கு இரண்டு மூன்று முறை என்னும் அளவில் நெளிவது வேறுவகை. அதற்குப் பெரும்பாலும் பின்புறத்தில் காரணம் இருக்கும்.

அடுத்து அவர் பார்த்தது டயரின் காற்று. காற்றுக் குறைந்த டயரும் வண்டியை நெளியச் செய்யும். செலவில்லாமல் தீரும் நோயை முதலில் கழித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. காற்று சரியாக இருந்தது. பின்னர் இருக்கையின் பின்முனையை உள்ளங்கையால் ஓங்கி அழுத்தி விட்டார். வண்டி எழுந்து, ஒருமுறை இலேசாகத் தாழ்ந்து நின்றுவிட்டது. எண்ணெய் போயிருந்தால் கட்டில் வில்லைப் போல மூன்று நான்கு முறை ஆடும். தாங்கியின் தண்டில் எண்ணெய்க் கசிவு உண்டா, தண்டு அரித்திருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தார். மட்கார்டின் உட்புறத்தில் டயர் உரசிய தடம் உண்டா என்று விரலால் தடவினார். வில் தளர்ந்த வண்டியில், அதிலும் இருவர் ஏறும் வண்டியில், அத்தடம் பளபளவென்று தெரியும். நம்முடையதில் இல்லை.

"ஷாக்கெல்லாம் புதுசு, நல்லா இருக்கு. ஆடுறது அது இல்ல."

வண்டியை நடுத்தாங்கியில் ஏற்றி, பின்சக்கரம் தரையைவிட்டு எழும்படி செய்தார். நம்மைச் சக்கரத்தைப் பற்றி இடமும் வலமும் அசைக்கச் சொன்னார். 'டக் டக்' என்று மெல்லிய ஓசை. பட்டறைக்காரர் இவ்வோசையைக் கேட்டிருந்தால் சக்கர பேரிங் என்று சொல்லியிருப்பார், அதுவும் இயலாததன்று. எனவே முதலில் சக்கரத்துக்கும் கவைக்கும் இடையே ஆட்டம் உண்டா என்று பார்த்தார், இல்லை. ஆர்க்கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார், ஓசை ஒத்திருந்தது. சக்கரத்தைச் சுழலும் திசையில் முன்னும் பின்னும் சிறிது அசைத்தபோது இலேசான இளக்கம் தெரிந்தது. நாம் அதுதான் குற்றம் என்று நினைத்தோம். "அது உள்ளே இருக்கிற ரப்பர், இழுப்பு வாங்கறதுக்கு வச்சது. கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு, இதுக்கு அது காரணமில்ல" என்றார். புல்லட்டின் பின்குடத்தில் இழுவிசையின் அதிர்ச்சியை வாங்க ரப்பர்க் கட்டைகள் உண்டு. அவற்றின் இளக்கம் சுழற்சித் திசையில் தெரியுமே அன்றிப் பக்கவாட்டில் தெரியாது. இந்த வேறுபாட்டை அறியாமல் குடத்தைப் பிரித்துச் செலவு செய்தவர்கள் எத்தனை பேரோ.

பிறகு நம் சுட்டுவிரலைப் பிடித்து, ஸ்விங் ஆர்ம் சட்டகத்தோடு சேரும் மூட்டின்மேல் பாதி அதிலும் பாதி இதிலும் படும்படி வைத்தார்.

"இங்கே விரலை வைங்க ஹஜரத். நான் ஆட்டுறேன்."

கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. அவர் சக்கரத்தை அசைக்கும்போதெல்லாம் விரலின் கீழ் ஒரு விளிம்பு மறுவிளிம்பைக் கடந்து போய்வந்தது. ஹக்கீம்கள் நாடி பார்ப்பதைச் சிறுவயதில் வியந்து பார்த்திருக்கிறோம். அன்று ஓர் இரும்பின் நாடியை நாமே பார்த்தோம்.

முடிவு செய்யுமுன் இன்னும் ஒரு சோதனை வேண்டும் என்றார். சக்கரத்தையும் இரு அதிர்வுதாங்கிகளையும் கழற்றினார். தாங்கிகள் மாட்டியிருக்கும்போது அவற்றின் இறுக்கம் கீலின் ஆட்டத்தை மறைக்கும். எனவே கவை தனியே நிற்க வேண்டும். இப்போது அதன் பின்முனைகளைப் பற்றிப் பக்கவாட்டில் அசைத்தார். நான்கைந்து மில்லிமீட்டர் போய்வந்தது. நல்ல வண்டியில் கைக்கு எதுவும் தெரியக்கூடாது. மேலே தூக்கி விட்டார். ஒரே சீராகத் தாழ வேண்டியது, நடுவில் ஓரிடத்தில் சிக்கி, பின் தொப்பென்று விழுந்தது.

சிறு தேய்வு எவ்வளவு பெருகும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். கீலின் இரு புஷ்களுக்கும் இடையே 200 மில்லிமீட்டர், கீலிலிருந்து சக்கர அச்சு 450 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புஷ்ஷும் தன் தண்டைவிட அரை மில்லிமீட்டர் அகன்றுவிட்டால், கவை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்குத் திரும்பும்போது அச்சு 2 மில்லிமீட்டருக்கும் மேல் பக்கவாட்டில் நகரும். சக்கரம் நகர்வது மட்டுமன்று, திசையும் திரும்புகிறது. அதாவது வண்டியைப் பின்னிருந்து வேறொருவர் திருப்புகிறார். வளைவில் சாய்ந்து செல்லும்போது ஓட்டுபவர் ஒரு பக்கம் திருப்ப, அந்த வேறொருவர் மறுபக்கம் திருப்புகிறார்.

தண்டை உருவியபோது கிரீஸ் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. செந்தூரம் போன்ற துரு மட்டும் கொட்டியது. தண்டின் ஒரு பக்கத்தில் நகத்தை ஓட்டினால் தடுக்கும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. மாமன் இருந்தவரை மாதம் தவறாமல் கிரீஸ் ஏற்றுவார். வண்டி நம் கைக்கு வந்தபின் எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றினோம்; இந்த மூட்டை நினைக்கவே இல்லை. பட்டறைக்காரரைக் குறை சொல்லும் வாய் அங்கே அடங்கிற்று.

புதிய புஷ்களைக் கடைசலில் கடைந்து, அழுத்திப் பொருத்தி, இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வருமாறு ரீமரால் செப்பம் செய்தார். பழைய தண்டையே போடலாமே என்று கேட்டோம். தேய்ந்த தண்டில் புதுப் புஷ் போடுவது பழைய செருப்பில் ஒன்றை மட்டும் புதிதாக வாங்குவது போல என்று சிரித்தார், தண்டும் புதிதாயிற்று. சக்கரத்தை மாட்டியபின் இரு டயர்களின் ஓரமாக நூல் பிடித்து, பின்சக்கரம் முன்சக்கரத்தின் நேரே நிற்கிறதா என்று பார்த்தார். கவை முறுக்கேறியிருந்தால் இதில் தெரிந்துவிடும். சங்கிலியை இறுக்கும் இரு திருகுகளின் குறிகளை மட்டும் நம்பக்கூடாதென்றும் சொன்னார். பழைய வண்டியில் அக்குறிகள் பொய் சொல்லும்.

புஷ், தண்டு, கடைசல் கூலி எல்லாம் சேர்த்து ஆன செலவு, நாம் முன்பு அதிர்வுதாங்கிகளுக்குக் கொடுத்ததில் கால்பங்குகூட இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு, இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

மறுவாரம் அதே கடற்கரைச் சாலையில் தனியே சென்று, அதே வளைவில் முதலில் மெதுவாகவும் பிறகு பழைய வேகத்திலும் திரும்பிப் பார்த்தோம். பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஏறுவதற்குமுன் குனிந்து இருக்கையின் கீழே இருந்த மூட்டின்மேல் விரலை வைத்து, "ஆட்டுங்க வாப்பா" என்றாள்.